தொட்டிக்கு வந்த பெரிய மீன்

பதுளை,
12.06.1972

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

போன கிழமை, இரண்டு சின்ன மீன்கள் இருந்த பள்ளிக்கூட ஆய்வுகூடத் தொட்டியில் ஒரு பெரிய மீனை விட்டோம். அது மற்ற இரண்டையும் துரத்தித் துரத்திக் கடித்தது. அவற்றில் துணிச்சலான மீன் எதிர்த்துப் போராடிக் களைத்து, தீனியையே விட்டுவிட்டது. பயந்த மீன் கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, பெரியது அசந்த நேரம் தின்றது.

“பயந்தாங்கொள்ளி பொழச்சிக்கிச்சுங்க டீச்சர்!” என்று ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் பேச்சியம்மா சிரித்தாள். களைத்த மீனைத் தனியாக ஒரு போத்தலுக்கு மாற்றினேன். இன்று தின்றது.

எங்கள் விடுதிக்கு வந்திருக்கும் புதிய பொறுப்பாளர் கொஞ்சம் கடுமையானவர். என் அறைத்தோழி லீலாதேவி அவரோடு வாதாடிவிட்டு ஊருக்கே போய்விட்டாள். நான் எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு சாப்பிடுகிறேன், வயிறு நிறையத்தான். வெளியே ஓர் அறை பார்த்திருக்கிறேன். மிளகாய்த்தூள் அனுப்புங்கள். அல்லது நீங்களே கொண்டுவந்து, ஒரு மாதம் என்னோடு இருங்களேன்.

மணி அடிக்கிறது, வகுப்புக்குப் போகிறேன்.

மகள்
யோகமலர்