கன்னத்துக் குழிக்கு ஓர் ஊசி

ஜூலை 3, வியாழன்
விடிந்ததிலிருந்து சாரல். சாமை காயப்போட வழியில்லை. மதியம் அரியூரில் மகளிர் குழுக் கூட்டம்.

சாமை லட்டுப் பொட்டலத்தில் யார் படம் போடுவது என்று பேச்சு. எல்லோரும் எனக்குத்தான் கை தூக்கினார்கள். எனக்கு! தலைவி சரசக்கா சொன்னது: “நீ சிரிச்சா நல்லாருக்கும் செல்வி.” மாதக் கடைசியில் நாமக்கல்லிலிருந்து போட்டோக்காரர் வருவாராம்.

படம் என்றதும் கை இடது கன்னத்துக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடம் போன காலத்தில் கட்டி வந்து உடைந்த குழி. சுண்டுவிரல் நுனி உட்காரும். கல்யாணப் போட்டோவில்கூட முகத்தை ஒருபக்கமாகத் திருப்பித்தான் நிற்கிறேன்.

போனில் தேடினேன். கொலாஜன் ஊசி. தோலைத் தாங்கி நிற்கிற புரதமாம் கொலாஜன். அதைக் குழிக்குள் ஏற்றினால் மேடாகுமாம். பார்த்துக்கொண்டே இருந்ததில் சோறு குழைந்துவிட்டது.

ஜூலை 5, சனி
மலை இறங்கினேன், சந்தைக்கு என்று சொல்லி. அடிவாரத்தில் ஓர் அழகு நிலையம், வாசலில் ‘கொலாஜன் ஊசி’ பலகை. உள்ளே இருந்த பெண், இன்றைக்கே போட்டுவிடலாம் என்றாள். நாற்காலியில் சாய்ந்தாயிற்று. கன்னத்தில் பஞ்சு, ஸ்பிரிட் வாடை. சந்தோஷத்தில் கால் தானாக ஆடியது.

எதில் செய்த மருந்து என்று சும்மாதான் கேட்டேன். ஃபாரின் சரக்கு என்றாள். பாட்டிலைக் காட்டச் சொன்னேன். பெயர் இல்லை. காலாவதித் தேதி இல்லை. பூச்சிமருந்து டப்பாவில்கூட அது இருக்கும். எழுந்துவிட்டேன்.

“பயந்தவங்க எதுக்குங்க வரோணும்?” என்றாள் முதுகுக்குப் பின்னால்.

கொண்டை ஊசி வளைவெல்லாம் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பி அழுகை. ஊட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். தனியாகப் போனதற்குத்தான் கோபம். பிறகு தின்ன எதுவும் கேட்காமல் போனை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் படித்தார். என்ன படித்தார் என்று சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்
சேலம். தோல் டாக்டரம்மா. இவரும் கூட வந்தார், வெள்ளைச் சட்டையில்.

மறப்பதற்குள்:
— பழைய கொலாஜன் ஊசி மாட்டுத்தோலிலிருந்து எடுத்தது. ஒவ்வாமை வரும் என்பதால் முதலில் கையில் சிறிது போட்டு, வாரக்கணக்கில் பார்ப்பார்களாம். இப்போது அதிகம் போடுவது வேறு ஜெல். வேண்டாம் என்றால் கரைக்கவும் மருந்து உண்டு.
— குழிக்கு அடியில் நார் இழுத்துப் பிடித்திருக்கிறது. ஊசியால் அதை விடுவித்தால்தான் தோல் மேலே வரும். அந்தக் காயம் ஆறும்போது நம் உடம்பே கொஞ்சம் கொலாஜன் உண்டாக்கும்!
— நிரந்தரம் இல்லை. பல மாதம், ஆளுக்கு ஆள் மாறும்.
— வீக்கம், கன்றிப்போதல் சில நாள்.

இவர் கேட்டார்: “பார்வைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?”

அன்று போனில் படித்தது அதுதான். டாக்டரம்மா மழுப்பவில்லை. மருந்து ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் கெடலாம், பார்வையும் போகலாம். அபூர்வம்தான், ஆனால் உண்டு. “அதனாலதாங்க கண்ட இடத்துல போடக்கூடாதுங்கறது.” தோல் வெளுத்தாலோ, வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாதாம்.

இவர் என்னைப் பார்த்தார். “உனக்கு வேணுமா புள்ள?”

வேணுங்க என்றேன். யோசிக்கவே இல்லை.

ஆனால் இன்று இல்லை. கடைவாய்ப் பல்லில் சீழ். அது ஆறாமல் முகத்தில் ஊசி கிடையாதாம். மாதக் கடைசிக்குள் ஆறுமா?

ஜூலை 10, வியாழன்
பல் பிடுங்கியாயிற்று. கஞ்சி. மாத்திரை. போட்டோவைத் தள்ளிப்போட முடியுமா என்று சரசக்காவிடம் கேட்டேன். முடியாது, அச்சடிக்கக் கொடுக்க வேண்டும் என்றார். நியாயம்தான். எரிச்சலாகவும் இருந்தது.

ஜூலை 22, செவ்வாய்
பல் புண் ஆறிவிட்டது என்றார் டாக்டரம்மா! போட்டாயிற்று!!

மரத்துப்போக மருந்து, பிறகு உள்ளே நறநறவென்று ஒரு சத்தம், நார் விடுபடுகிறதாம். வலி இல்லை, சத்தம்தான் பயம். ஊசி மெல்ல மெல்ல. நடுநடுவே நிறுத்தி, கண் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வெளியே இவர் உட்காரவே இல்லையாம், நர்ஸ் சொன்னாள்.

கன்னம் இப்போது பணியாரம். அழுத்தக் கூடாது. அடுப்படிப் புகையில் நிற்காதே என்று இவரே ரசம் வைத்தார். உப்பு இல்லை.

ஜூலை 26, சனி
நீலம் மஞ்சளாகிறது. வீக்கம் வடிகிறது. வாசலூர்பட்டி ஏரிக்கரையில் கடை போட்டோம். வண்டிக் கண்ணாடி எதிலெல்லாம் முகம் தெரிகிறதோ அதிலெல்லாம் பார்த்தேன். முழுதாகப் போகவில்லை. லேசான பள்ளம் இருக்கிறது. உற்றுப் பார்த்தால்தான். எனக்கு இது போதும், போதும்.

ஜூலை 31, வியாழன்
நல்ல வெயில். போட்டோக்காரர் வந்துவிட்டார். அரக்குச் சேலை, கையில் லட்டுத் தட்டு. எந்தப் பக்கம் திரும்பட்டும் என்று கேட்டேன். எப்படி வேண்டுமானாலும் என்றார். இடப்பக்கம் காட்டி நின்றேன். பல் தெரியச் சிரித்தேன்.

அடுத்த வருஷம் கன்னம் இறங்கிவிட்டால் மறுபடியும் ஊசி குத்திக்கொள்வாயா என்று சரசக்கா கேட்டார். தெரியவில்லை. அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் இவருடைய போன் அடித்தது, எடுத்துக் கொடுக்கப் போனேன். திரையில் நான், லட்டுத் தட்டோடு. எப்போது எடுத்தாரோ. இத்தனை வருஷமாக அதில் இருந்தது எங்கள் செவலைக் காளை, விற்ற பிறகும்கூட.

ஏனுங்க இது என்றேன்.

“காளையத்தான் வித்தாச்சுல்ல” என்று சொல்லிவிட்டு மிளகுக் கொடிப் பக்கம் போய்விட்டார்.