உள்பக்கம் திருப்பிய பெட்டிகள்

மச்சான்,

போன வாரம் மளிகைக் கடையிலிருந்து மாதச் சாமான் ஓர் அட்டைப் பெட்டியில் வந்தது. வெளியே ஒன்றும் எழுதாத வெறும் பழுப்பு. உன் தங்கச்சி விஜயா பருப்பையும் புளியையும் எடுத்து வைத்த பிறகு, பரணில் விரிக்கலாம் என்று ஏணியில் ஏறி நின்று பெட்டியைப் பிரித்தேன். உள்பக்கம் முழுக்க நீல எழுத்து. ஏதோ வெளிநாட்டு பிஸ்கட்டின் பெயர், ஒரு குடைப் படம், இந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி. எவனோ ஒருத்தன் அச்சுப் போட்ட பெட்டியின் பின்களைப் பிடுங்கி, வெளிப்பக்கத்தை உள்ளே திருப்பி, மறுபடியும் பின் அடித்து விற்றிருக்கிறான். பழைய பின் இருந்த இடத்தில் வரிசையாக ஓட்டைகள். மூக்கருகே வைத்துப் பார்த்தேன். ஸ்டார்ச் பசையும் பூச்சி வராமலிருக்க அதில் போடும் மயில்துத்தமும் கலந்த அந்த வாசனை.

ஐம்பது தாண்டியவன் ஏணியில் நின்றுகொண்டு அட்டையை மோந்து அழுததைப் பார்த்திருந்தால், "இன்னா மாப்ள, அட்டைக்குப் போயி பேஜாராவுற" என்று கேட்டிருப்பாய். பேஜார்தான் மச்சான். அந்தப் பெட்டியைச் செய்தவன் யாரோ, அவனுக்கு என்ன ஆனதோ என்று யோசித்தேன். அச்சுப் போட்ட பெட்டியை எவனும் ஆசைப்பட்டுத் திருப்புவதில்லை. கழுத்தில் கத்தி இருந்தால்தான் திருப்புவான்.

நாம் இரண்டு பேரும் பெரிய பெட்டிக் கம்பெனி ஒன்றில் ஒரே ஷிப்ட் மெஷின் ஆட்களாக இருந்து, பிறகு மச்சான் மாப்பிள்ளை ஆனவர்கள். தொண்ணூற்று ஒன்றில் நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பர்காரர்கள் எழுதியபோது, பெங்களூர் ஓசூர் ரோட்டில் மாதத்துக்கு ஒரு எக்ஸ்போர்ட் கார்மென்ட்ஸ் முளைத்தது. சட்டை கப்பல் ஏற வேண்டுமானால் பெட்டி வேண்டும். பொம்மனஹள்ளியில் தகரக் கூரை ஷெட் ஒன்றைப் பிடித்தோம். பழைய மெஷின்கள் நான்கு, பசை காய்ச்ச ஒரு அண்டா, பன்னிரண்டு ஆட்கள். ஜோகுபாளையத்தில் உன் அப்பா கட்டிய வீடு உன் பேரிலும் விஜயா பேரிலும் இருந்தது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அதை பேங்கில் வைத்தீர்கள். கையெழுத்துப் போடும்போது அவள் பேனாவை நிறுத்தி உன்னைத்தான் பார்த்தாள், என்னை இல்லை. "அண்ணா, பாத்துக்குவ இல்ல?" என்றாள். நீ தலையாட்டினாய்.

உன்னிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. லாரி வரும் தேதி எழுத்தில் கைக்கு வராமல் அச்சு மெஷினைத் தொடவிட மாட்டாய். "அச்சு ஏறாத வரைக்கும் அது நம்ம அட்டை மாப்ள. ஏறிட்ச்சின்னா அவன் அட்டை." வெறும் அட்டையை யாருக்கு வேண்டுமானாலும் பெட்டியாக வெட்டிக் கொடுக்கலாம். ஒருத்தன் பெயரை அச்சடித்துவிட்டால் இன்னொருத்தன் அதைத் தொடமாட்டான். எனக்கும் அது தெரியும். ஆனாலும் உன்னால் எப்போதும் கடைசி நிமிஷத்தில் ஓட வேண்டியிருக்கிறது என்று எரிச்சல்படுவேன். பயந்தாங்கொள்ளி என்று உன் முதுகுக்குப் பின்னால் விஜயாவிடமே சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூற்று நாலு செப்டம்பரில் நீ உன் மாமனார் கருமாதிக்கு வாணியம்பாடி போயிருந்தாய். அப்போதுதான் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் போன் செய்தான். கிறிஸ்துமஸ் சரக்கு, பதினெட்டாயிரம் பெட்டி, திங்கட்கிழமை லாரி வரும், ஆர்டர் பேப்பர் பின்னால் வரும், உங்களால் முடியாது என்றால் வேறு இடம் பார்க்கிறேன் என்றான். உனக்குச் சொல்ல வழியில்லை. வழியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நீ இல்லாமலேயே ஒரு பெரிய வேலையை முடித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு திமிர். மூன்று நாள் மெஷின் நிற்கவில்லை. சிவப்பிலும் நீலத்திலும் ஒரு வெளிநாட்டுக் கடையின் பெயர். அச்சோடு விடாமல், வெட்டி, மடித்து, பின்னும் அடித்து ஷெட்டின் கூரை முட்ட அடுக்கிவிட்டேன்.

நீ திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டாய். "ஆர்டர் பேப்பரு?" என்று மட்டும் கேட்டாய். வரும் என்றேன். அதே வாரம் சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்தது.

திங்கட்கிழமை லாரி வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. பெங்களூரில் ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை, ஆனாலும் பஸ்ஸில் எல்லோர் மூக்கிலும் கர்ச்சீப். மெடிக்கல் ஷாப்பில் பிளேக்குக்கான டெட்ராசைக்ளின் மாத்திரை கிடைக்கவில்லை. வெளிநாடுகள் ஒவ்வொன்றாக விமானத்தை நிறுத்தின. இந்தியப் பெட்டியில் எலியின் தெள்ளுப்பூச்சி வரும் என்று துறைமுகத்திலேயே சரக்கைத் தடுக்கிறார்களாம் என்று பர்ச்சேஸ் மேனேஜர் சொன்னான். சட்டையே போகாதபோது பெட்டி எதற்கு என்றான். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று என்னையே கேட்டான். ஊரெல்லாம் பேப்பரைப் பிரித்து எத்தனை பேர் செத்தார்கள் என்று பார்த்தபோது, நாம் எந்த நாடு கதவைச் சாத்தியது என்று தேடினோம். செத்தவர்களின் கணக்கை நான் ஒரு நாளும் படிக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

ஸ்டார்ச் பசை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். வழக்கம்போல நாம் வைத்த மருந்தைத் தின்று ஓர் எலி பசை அண்டாவுக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தது. வேறு வருஷமாக இருந்தால் யாராவது வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்திருப்பார்கள். அன்று பன்னிரண்டு பேரும் டிபன் பாக்ஸை விட்டுவிட்டு ஓடினார்கள். பசை பூசும் முனியம்மா மட்டும் மறுநாள் திரும்பி வந்தாள், பிளேக் மாரியம்மனுக்குத் தயிர்சோறு படைத்த கையோடு. "இந்த ஊரு பாக்காத பிளேக்கா? அம்மா பாத்துக்குவா. நீங்க அந்த பேங்குகாரன பாத்துக்குங்க" என்றாள். நீ அந்த எலியைப் புதைத்துவிட்டு வீட்டுக்குப் போனபோது உன் பெண்டாட்டி வாசலிலேயே நிறுத்தி நான்கு வாளி தண்ணீர் ஊற்றியதை, அந்தக் கஷ்டத்திலும் நீ நடித்துக் காட்டினாய். அந்த மாதத்தில் நாம் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பேங்க் மேனேஜர் மோசமான மனுஷன் இல்லை. வரப்போகும் ஆறு மாதத்தில் வியாபாரம் எப்படி இருக்கும் என்று மாதவாரியாக எழுதிக் கொடுத்தால் தவணையைத் தள்ளி வைக்கவும் மேற்கொண்டு கொஞ்சம் கடன் கொடுக்கவும் மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அவர் கொடுத்த ஃபாரத்தை வைத்துக்கொண்டு எதிர் டீக்கடையில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தோம். நாளைக்கு விமானம் பறக்குமா என்று மந்திரிக்கே தெரியாதபோது, பொம்மனஹள்ளியில் இரண்டு பேர் மார்ச் மாதத்தை எப்படி எழுதுவது? எல்லாக் கட்டத்திலும் பெரிய பெரிய தொகையாக எழுதிவிடலாம் என்றேன் நான். நீ பென்சிலை எடுத்து அக்டோபரில் சைபர் போட்டாய், நவம்பரில் சைபர் போட்டாய். டிசம்பரில் கை நின்றுவிட்டது. "பொய் எழுதி இன்னும் கொஞ்சம் கடன் வாங்கி, அத்தயும் உன் தலையில போடறதா?" என்றாய். பிறகு ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இன்னொரு டீ சொன்னாய்.

மேனேஜர் ஒரு நாள் காலையில் சரக்கைப் பார்க்க ஷெட்டுக்கே வந்தார். கையெழுத்துக்காக விஜயாவும் வந்திருந்தாள். கூரை வரை அடுக்கியிருந்த பெட்டிகளைக் காட்டினோம். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பி, அந்த வெளிநாட்டுப் பெயரைப் படித்துவிட்டுக் கீழே வைத்தார். அச்சுப் போட்ட பெட்டியை பேங்க் சரக்காகவே எடுத்துக்கொள்ளாது, பழைய பேப்பர் விலைதான் என்று கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். ஆர்டர் பேப்பர் இல்லாமல் இத்தனையும் அச்சுப் போடச் சொன்னது யார் என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன் மச்சான். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் நீ, "நானே ஹேளித்து சார்" என்றாய். சொன்னது நான்தான், ஊருக்குப் போவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போனேன், மாப்பிள்ளை வேண்டாம் என்றுதான் சொன்னார் என்று கன்னடத்தில் அவருக்குச் சொன்னாய். அது அவருக்குச் சொன்னதில்லை என்று எனக்குத் தெரியும். விஜயா உன்னைப் பார்த்தாள். பேனாவை நிறுத்திப் பார்த்தாளே, அதே பார்வை. முனியம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அவர்கள் போனபிறகு ஏன்டா என்று உன் சட்டையைப் பிடித்தேன். நீ கையை எடுத்துவிட்டாய். "அவ என் தங்கச்சி மாப்ள. என் மேல கோவம்னா ஒரு தீபாளியோட போயிடும். உன் மேல வந்தா, ஒரே வூட்ல தெனம் தெனம் பாத்துனு இருக்கணும். ஆயித்து, பிடு." முடிந்தது, விடு. நானும் விட்டுவிட்டேன்.

மறுநாளிலிருந்து ஸ்குரூ டிரைவரால் பின்களை நெம்பினோம். பதினெட்டாயிரம் பெட்டி. நீ, நான், முனியம்மா, பயம் தெளிந்து திரும்பிய நான்கு பேர். உள்பக்கத்தை வெளியே திருப்பி, எதிர்ப்பக்கமாக மடித்து, மறுபடி பின். உன் விரல்களில் கட்டுப் போட இடம் மிச்சமில்லை. வாங்கியவன் யார் தெரியுமா என்று பிறகு எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். மாத்திரை மொத்த வியாபாரி. நம்மைப் படுக்க வைத்த நோய்க்கு மாத்திரை அனுப்ப அவனுக்குப் பெட்டி போதவில்லை. அடிமாட்டு விலைக்குக் கேட்டான், கொடுத்தோம். ஆட்கள் சம்பளத்துக்கு அது சரியாக இருந்தது.

சில வாரங்களில் விமானங்கள் பறந்தன. பிளேக் பேப்பரின் உள்பக்கத்துக்குப் போய், பிறகு காணாமலும் போனது. கிறிஸ்துமஸ் நமக்காகக் காத்திருக்கவில்லை. கடனுக்கு அட்டை கொடுத்த காகிதக்காரனும் காத்திருக்கவில்லை. மெஷின்களை விற்றோம். பேங்க் எடுப்பதற்கு முன்னால் ஜோகுபாளையம் வீட்டை நாமே விற்றோம். சாவியைக் கொடுத்த அன்று விஜயா உன்னிடம், "அப்பா வீட்ட அட்டையில கட்டி வித்துட்டியேண்ணா" என்றாள். அதுதான் அவள் உன்னிடம் கடைசியாகப் பேசிய பேச்சு என்று அன்று யாருக்கும் தெரியாது.

ஒரு தீபாவளி போனது. நீ ஆனேக்கல் பக்கம் ஒரு கம்பெனியில் மறுபடி மெஷின் ஆளாகச் சேர்ந்தாய். ஒவ்வொரு தீபாவளிக்கும் பஸ் பிடித்துப் புடவையோடு வந்தாய். அவள் சமையலறையிலிருந்து வெளியே வரமாட்டாள். நீ புடவையை டிவி மேல் வைத்துவிட்டு, "வரேம்மா" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாய். பஸ் ஸ்டாப் வரை நான் கூட வருவேன். இந்தத் தடவை சொல்லிவிடுகிறேன் என்பேன். "இப்ப சொன்னா அவளுக்கு யாரும் மிச்சமில்லாம போயிடும் மாப்ள" என்பாய். எனக்கு அது வசதியாக இருந்தது. அதுதான் உண்மை. ஒன்பது புடவை, மச்சான். பத்தாவது வருஷம் நீ வரவில்லை, உன் நெஞ்சு நின்றுவிட்டது என்று போன் வந்தது. உன் தலைமாட்டில் உட்கார்ந்து உன் தங்கச்சி, "ஒரு வார்த்த கேட்டுட்டு செஞ்சிருக்கலாமேண்ணா" என்று அழுதாள். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

போன வாரம் ஏணியிலிருந்து இறங்கி, அந்தப் பெட்டியைச் சாப்பாட்டு மேஜை மேல் விரித்து வைத்து, சொல்லிவிட்டேன். சொல்லும்போது ஒரு நப்பாசை இருந்தது. இத்தனை வருஷத்தில் அவளே ஊகித்திருப்பாள், எனக்கு எப்பவோ தெரியும் என்பாள், என் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "சத்தியமா தெரியாது."

வெகுநேரம் அந்த நீல எழுத்துகளைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு பீரோவைத் திறந்து, ஒருநாளும் கட்டாத ஒன்பது புடவைகளையும் எடுத்துக் கட்டில் மேல் அடுக்கினாள். அன்று ஒன்றைக் கட்டிக்கொண்டாள். தினமும் ஒன்றாகக் கட்டுகிறாள். என்னோடு பேசுவதில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். நான் சமையலறை வாசலில் நின்று, "வரேம்மா" என்று நீ சொல்வாயே, அந்த மாதிரி எதையாவது உள்ளே பார்த்துச் சொல்கிறேன்.

ஒரே வீட்டில் தினம் தினம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்றாயே. இருக்கிறேன். ஏழாவது நாள். நீ ஒன்பது வருஷம் இதைத் தாங்கிவிட்டு, பஸ் ஏறும்போது எனக்குக் கைகாட்டவும் செய்தாய். எப்படி மச்சான்?

இன்று அவள் கட்டியிருப்பது நீ கடைசியாகக் கொண்டுவந்த பச்சைப் புடவை.