நனையாத கைப்பை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகந்தானே? அப்பாவின் கண் எப்படி இருக்கிறது?

எனக்கு லேசான காய்ச்சல், பயப்படாதே. முதலாளியம்மா கடையில் மறந்துவிட்ட கைப்பையை எடுத்துக்கொண்டு மழையில் குடையோடு காருக்கு ஓடினேன். அவள் கண்ணாடியை இறக்கி, "ஆயா, குடையைப் பைக்குப் பிடி! நீ நனைஞ்சா காஞ்சிடுவே, அது நனைஞ்சா போச்சு!" என்று கத்தினாள். பிடித்தேன். பை மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை.

நேற்று நீ அனுப்பிய படத்தில் அதே மாதிரிப் பை உன் தோளில் தொங்குகிறது! அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு நான் அனுப்பிய பணமடி அது. "நாலு பேர் மதிக்கணும்மா" என்கிறாய். எந்த நாலு பேர்? பையை மதிக்கிறவள் ஆளை எப்படி மதிப்பாள் என்று நனைந்து பார்த்தவள் நான். அஞ்சாம் வகுப்புதான் படித்தேன், ஆனாலும் என் மதிப்பை எந்தக் கடையிலும் வாங்கியதில்லை.

படத்தில் நீ நேராகப் பார்த்துச் சிரிக்கிறாய். பக்கத்தில் அப்பா, கேமரா எங்கே என்று தெரியாமல் சுவரைப் பார்த்துச் சிரிக்கிறார்.

நாளைக்கே பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. அவர் போர்த்திக்கொள்கிற என் பழைய சேலையை அனுப்பு, துவைக்க வேண்டாம். முதலாளியம்மா கூப்பிடுகிறாள், போகிறேன். இனி நீ அனுப்பும் படத்தில் அவர் என்னைப் பார்க்க வேண்டும்.

அம்மா