படத்தின் பின்பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

பல்வலி என்று சொல்லி அரை நாள் விடுப்பு எடுத்தேன். போனது புத்தகக் கடைக்கு. மூடிப்போன ஒரு பத்திரிகையில் படம் எடுத்துவந்த வயதான படக்காரர் ஒருவர் தன் படங்களைப் புத்தகமாகக் கொண்டுவந்திருக்கிறார். இன்று கையெழுத்துப் போட்டுத் தந்தார். வரிசையில் எனக்கு முன்னால் நாலே பேர். கை நடுங்கினாலும் எழுத்து நடுங்கவில்லை. இதோடு என் அலமாரியில் கையெழுத்துள்ள படப் புத்தகங்கள் நாற்பத்தொன்று.

"பல்லைப் புடுங்கியாச்சா?" என்றாள் மனைவி, என் பையைப் பார்த்துக்கொண்டே.

மார்ச் 5

எண்பத்தெட்டாம் பக்கம். மில் வாசலில் போலீஸ் வேன். ஏழு பேர் ஏறுகிறார்கள், எல்லாம் முதுகு. கீழே தேதி. மில் வேலைநிறுத்தத்தில் அண்ணன் காணாமல் போன அதே தேதி.

முப்பத்தொரு வருடமாகப் போலீஸ் ஒன்றையே சொல்கிறது: அன்று யாரையும் பிடிக்கவில்லை.

இதன் அசல் பிரதி என் மூன்றாவது பெட்டியில் கிடக்கிறது! அவருடைய பத்திரிகையை இழுத்து மூடியபோது எடைக்குப் போட்ட பழைய படக் கட்டோடு வந்தது. எந்த மில் வாசல், எந்த நாள் என்று தெரியாமலே பதினோரு வருடமாக வைத்திருக்கிறேன்.

அண்ணிக்கு போன் செய்தேன். அண்ணனைப் பற்றி அவர் கொடுத்த மனுவுக்கு இருபத்திரண்டாம் தேதி விசாரணை அதிகாரி முன் கடைசி வாய்தா. "முகம் தெரியுதா தம்பி?" என்றார்.

தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

படக்காரர் வீட்டுக்குப் போனேன். நாற்காலி முழுக்கப் பழைய உறைகள், நின்றுகொண்டே பேசினேன்.

"ஏறுறப்ப ஒவ்வொருத்தர்கிட்டயும் பேரு கேட்டேன். ஏழு பேரும் சொன்னாங்க. சீட்டுல டைப் அடிச்சு படத்துக்குப் பின்னாடி ஒட்டினேன். ஆசிரியர் பயந்துட்டார். அதுக்கு மேலயே 'போட வேண்டாம்'னு ஒரு தாளை ஒட்டி உள்ள வச்சுட்டார்."

பேர்கள் நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"எனக்கு என் பேரன் பேரே சமயத்துல வரமாட்டேங்குது. பிரிண்ட் உங்ககிட்டதானே இருக்கு? திருப்பிப் பாருங்களேன்."

திருப்பிப் பாருங்களேன்.

பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். எழுதித்தான் ஆக வேண்டும் — படம் கைக்கு வந்த பதினோரு வருடம் முன்பே அந்தத் தாளைக் கழுவி எடுத்தவன் நான்தான். பழைய பசை ஊறி ஊறிப் படத்தின் முகப்பு மஞ்சளாகும் என்று சேகரிக்கிற எல்லோருக்கும் தெரியும். 'போட வேண்டாம்' என்று கிறுக்கிய தாளால் யாருக்கு என்ன பயன்? வெதுவெதுப்பான தண்ணீர், பஞ்சு, பொறுமை. அடியில் தடிப்பாக இன்னொன்று இருந்ததை விரல் உணர்ந்தது. பசைதான் கட்டியாகிவிட்டது என்று கட்டை விரலால் தேய்த்தேன். கூழாக வந்தது. சாக்கடையில் ஊற்றினேன்.

அட மடையா, ஒரு நிமிஷம் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா என்னடா? அன்னிக்கு சாயங்காலம் எவ்வளவு சந்தோஷம் உனக்கு! கூட்டாளிகளைக் கூப்பிட்டு வேற காட்டினியே, எவ்வளவு சுத்தமா வந்திருக்கு பாருங்கன்னு!

மார்ச் 10

அண்ணனைத் தேடித்தான் பத்திரிகைப் படங்களை வாங்க ஆரம்பித்தேன். கூட்டம் இருக்கும் படம் எதுவானாலும் முகம் முகமாகப் பார்ப்பேன். எப்போது அது நின்றது? எப்போதிலிருந்து அச்சின் தரத்தையும் விளிம்பையும் மட்டும் பார்த்தேன்? தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 14

அண்ணியிடம் சொல்லவில்லை.

மார்ச் 22, சனி

அதிகாரி நல்ல மனிதர். அதுதான் இன்னும் மோசம். ஏழு பேரை ஏற்றியதைப் பற்றிப் படக்காரர் எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தைப் படித்தார், படத்தைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்கப் பழுப்பு, நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம்.

"இங்க என்ன இருந்தது?"

அண்ணி என் பக்கம் திரும்பினார். சொன்னேன். எல்லாவற்றையும், தண்ணீர் பஞ்சு வரைக்கும்.

"யாரையோ ஏத்தியிருக்காங்க, அதை ஒத்துக்கிறேன்," என்றார் அதிகாரி. "அதுல இவங்க வீட்டுக்காரர் இருந்தார்னு நான் எதை வச்சு எழுதுறது? நீங்களே சொல்லுங்க."

ஆட்டோவில் அண்ணி கோப்பை மடியில் வைத்து அதன் நாடாவைக் கட்டிக்கொண்டே வந்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 3

அண்ணி வந்தார். உட்காரவில்லை. "அந்தப் படத்தை எடு," என்றார். மேசையில் வைத்தேன்.

"பேரைத் தொலைச்சது நீ. எது அவருன்னு நீயே சொல்லு."

ஏழு முதுகுகள். மூன்றாவது ஆளைக் காட்டினேன். ஏன் மூன்றாவது? சத்தியமாகத் தெரியவில்லை. விரல் அங்கே போனது. உறுதியாகத் தெரியுமா என்று அவர் கேட்டிருந்தால் உடைந்திருப்பேன். கேட்கவில்லை.

"சரி," என்றார்.

ஏப்ரல் 17

உத்தரவு வந்தது. போதிய சான்று இல்லை, கோப்பு முடிக்கப்பட்டது.

மே 2, வெள்ளி

இத்தனை வருடமாக அண்ணி சுவரில் அண்ணன் படம் மாட்டியதில்லை. மாட்டிவிட்டால் ஆள் போய்ச்சேர்ந்துவிட்டதாக ஆகிவிடும் என்பார். இன்று என்னை வரச் சொல்லி, மாட்ட ஒரு படம் வேண்டும் என்றார். "அவரை மட்டும் தனியா எடுத்துக் குடு."

மூன்றாவது ஆளை மட்டும் நிறுத்தி, நகலின் மேல் சிவப்புப் பென்சிலால் நாலு பக்கமும் கோடு போட்டேன். எப்படிப் போட்டாலும் பின்னால் நிற்பவரின் கை அவர் தோளில் இருந்தது. விரல்கள் மட்டும் கட்டத்துக்குள் வந்தன.

"இது யாரு கை?"

"தெரியல அண்ணி. வேணும்னா பிரிண்ட் போடுற கடையில சொல்லி அழிச்சிடலாம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அழிக்காதே. தனியாப் போகலைன்னு இருக்கட்டும்."

கோட்டை அழித்து, கொஞ்சம் தள்ளிப் போட்டேன். அந்தக் கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே வந்தது.