தோரணத்தில் ஒரு மெர்சி

முசியே,

நேற்று மாலை வேலை முடிந்து வரும்போது எங்கள் கோயில் தெருவில் மாதா தேருக்காகத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வழக்கமான கலர்க் காகிதம் இல்லை. முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. எண்ணெய் தோய்ந்த காகிதத்தின் அந்தப் பழைய வாசனை. நிமிர்ந்து பார்த்தால் நீங்கள் நடத்திய நம் தொழிற்சாலையின் டேப். இரண்டு விரல் அகலம், மங்கிய மஞ்சள், நெடுக்கத் துளைகள். பழைய பேப்பர் கடையில் மூட்டையாகக் கிடந்ததாம். ஏணியில் நின்றவர், "கிழியவே மாட்டேங்குதுக்கா, மழை வந்தாகூட தாங்கும்" என்று உங்கள் சரக்குக்கு நற்சான்றிதழும் கொடுத்தார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. தெருவில் யாரும் என்னைப் பார்க்கவில்லை, பார்த்தாலும் அவர்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன். உங்களுக்கு எழுதாமல் இனித் தூக்கம் வராது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த டேப்பில் இருந்தது என்னவென்று வீட்டில் கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன். இரும்பை வெட்டுகிற மெஷினுக்குக் கண் கிடையாது. எந்தப் பக்கம் நகர வேண்டும், எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்று அதற்கு அந்தத் துளைகள்தான் சொல்லும். துளைகள் எங்கே விழ வேண்டும் என்று கணக்குப் போடுவது கம்ப்யூட்டர். அந்தக் கணக்கை, அந்தப் புரோகிராமை, முழுக்க எழுதியவர் நீங்கள். எழுபதுகளின் கடைசியில் பிரான்சிலிருந்து கப்பலில் பழைய மெஷினையும் ஒரு சின்னக் கம்ப்யூட்டரையும் இறக்கி, அதனோடு மல்லுக்கட்டி எழுதினீர்கள். அது எங்களிடம் பிரெஞ்சில் கேள்வி கேட்கும். "தியாமேத்ர்?" என்று அது கேட்டால் விட்டத்தின் அளவைத் தட்ட வேண்டும் என்று பிரெஞ்சு தெரியாதவர்களுக்கும் பழகிவிட்டது. வேறு யாராவது அந்த விசைப்பலகையில் கை வைத்தால் உங்களுக்கு மூக்கின்மேல் கோபம் வரும். "இந்த ஊர்ல இத எழுத வேற எவன் இருக்கான்" என்று எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள். தன்னடக்கம் என்ற சொல் உங்கள் பக்கத்தில்கூட வந்ததில்லை.

ஒவ்வொரு டேப்பின் தலைப்பிலும் துளைகளாலேயே எழுத்துப் போட்டு BONJOUR, வணக்கம், என்று ஆரம்பிப்பீர்கள். வாலில் MERCI, நன்றி. மெஷினுக்கு அவை ஒன்றுமில்லை, பார்க்கிற ஆளுக்கு மட்டும்தான். "டேப்பு வீணாவுதே முசியே" என்று ஒருநாள் கேட்டேன். "மெஷினா இருந்தா என்ன, வேல வாங்கிட்டு சொல்லாம போவலாமா?" என்றீர்கள். மெர்சி வெளியே வந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். பகல் சாப்பாட்டுக்கும் அதன் பிறகான உங்கள் குட்டித் தூக்கத்துக்கும் அதுதான் மணி.

நம் டேப்புகளில் பாதி ஒரே இடத்துக்குப் போயின. ஊரில் இருந்த மில்லின் பழைய பிரெஞ்சுத் தறிகளுக்கு. தறியில் பாவு நூலை ஏற்றி இறக்குகிற கோணல் சக்கரம், நாம் கேம் என்போமே, அது தேய்ந்தால் வெளியில் எங்கும் கிடைக்காது. அதன் வளைவு உங்கள் புரோகிராமுக்குள் மட்டும்தான் இருந்தது. கேம் இல்லையென்றால் தறி நிற்கும், தறி நின்றால் அதில் வேலை செய்கிறவர் வீட்டில் உட்கார வேண்டும். என் அண்ணன் அந்தத் தறியில்தான் இருந்தார். உங்களுக்கும் அது தெரியும்.

என்னை நீங்கள் வேலைக்கு எடுத்தது என் இங்கிலீஷுக்காக. உங்களுக்குப் பிரெஞ்சு உண்டு, தமிழ் உண்டு; இங்கிலீஷ் என்றால் "அது வியாபாரிங்க பாஷ" என்று முகத்தைச் சுளிப்பீர்கள். கோயம்புத்தூரிலிருந்து வரும் கடிதங்களை நான் படித்துத் தமிழில் சொல்ல, கண்ணை மூடிக் கேட்பீர்கள். நான் உள்ளே நுழைந்தாலே, "என் இங்கிலீஷ் வாய் வந்துடுச்சு" என்று மற்றவர்களிடம் கேலி பேசுவீர்கள். அந்தப் பட்டப்பெயர் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் பம்பாய்க் கம்பெனி வந்தது. பிள்ளைகள் எல்லாம் பிரான்சில், தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, உங்களுக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. விற்றீர்கள். யாருடைய வேலையும் போகாது என்று எழுதி வாங்கினீர்கள், அந்த நன்றி எங்கள் எல்லோருக்கும் உண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து எங்களிடம் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. "மெஷினத்தான் வித்தேன். எழுத்த விக்கல. எழுதினவன்கிட்டேருந்து எழுத்த எவன் பிரிப்பான்?" பிரெஞ்சுப் பள்ளியில் படித்த மனுஷருக்கு அது சந்தேகமே இல்லாத விஷயம். புத்தகத்தை விற்றாலும் எழுதியவன் எழுதியவன்தானே என்று நினைத்தீர்கள். பத்திரத்தில் 'அனைத்தும்' என்று இருந்தது.

புது மேனேஜர் கெட்டவர் இல்லை. அவர் கொண்டுவந்த புரோகிராமும் மட்டமில்லை, வேகமானது, கேள்விகளை இங்கிலீஷில் கேட்கும். பழையதை வருஷ முடிவுவரை வைத்திருப்போம், பிறகு நிறுத்திவிடுவோம் என்றார். மில்லின் கேமைப் புதியதில் ஏற்றுவீர்களா என்று கேட்டதற்கு, அவ்வளவு சின்ன ஆர்டருக்கு அது கட்டாது என்றார்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, கையில் தொப்பி, கக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய தேய்ந்த கேம். வாட்ச்மேன் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். வெளியாட்கள் உட்காரும் பெஞ்சில் நீங்களாகவே போய் உட்கார்ந்துகொண்டீர்கள். நீங்கள் வாங்கிப் போட்ட பெஞ்சு. உள்ளே ஒருத்தரும் உங்கள் பக்கம் திரும்பவில்லை, எல்லோருக்கும் திடீரென்று அவ்வளவு வேலை. நெடுநேரம் கழித்து மேனேஜர் உங்களைக் கூப்பிட்டார். மொழிபெயர்க்க என்னையும் கூப்பிட்டார்.

"சொல்லும்மா இவருகிட்ட. மில்லுல ஒரு வரிசத் தறி நின்னு போச்சு. புரோகிராமு உள்ளதான் இருக்குது. டேப்பு போட்டு வெட்டிக் குடுக்கட்டும், கூலி கம்பெனிக்கே. முடியலன்னா ஒரு காப்பி எனக்குக் குடுக்கட்டும், நான் வேற எடம் பாத்துக்கிறேன்" என்றீர்கள்.

சொன்னேன். மேனேஜர் குரலை உயர்த்தவில்லை. மரியாதையாகத்தான் பதில் சொன்னார். அந்தப் புரோகிராம் கம்பெனியின் சொத்து. காப்பி வெளியே போகாது. நிறுத்தப்போகும் ஒன்றில் புது வேலை எடுப்பதில்லை. கடைசியாக ஒரு வாக்கியம் சொன்னார். அதைத் தமிழில் எடுத்தேன், பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. "இவரு என்ன சொல்றாருன்னா முசியே... வந்து..."

"வித்தது என்னன்னு வித்தவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்ன்றாரு" என்றீர்கள் நீங்கள். "சரிதான? பரவாயில்லம்மா, சொல்லு."

உங்களுக்கு இங்கிலீஷ் புரியும். அத்தனை வருஷமும் புரிந்திருக்கிறது. கோயம்புத்தூர்க் கடிதங்களைக் கண்ணை மூடிக் கேட்டதெல்லாம் எதற்காக என்று யோசிக்கக்கூட அப்போது எனக்குத் தெம்பில்லை. அன்றைக்கு அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நீங்கள் இரண்டு தடவை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள், ஒரு தடவை அவர் வாயிலிருந்து, ஒரு தடவை என் வாயிலிருந்து. நடுவில் குறுக்கிடாமல், என் வேலையை நான் செய்யட்டும் என்று காத்திருந்திருக்கிறீர்கள். தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

நீங்கள் எழுந்து, மேனேஜரைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, "மெர்சி" என்றீர்கள். வெளியே போனீர்கள்.

"கடைசியில் என்ன சொன்னார்?" என்று அவர் கேட்டார்.

"நன்றி சொன்னார்."

"எதற்கு?" என்றார். கிண்டல் இல்லை, அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

கேட்டுவரைக்கும் பின்னாலேயே ஓடி வந்தேன். நீங்கள் திரும்பி, "மதாம், இங்கிலீஷ் இன்னிக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றீர்கள். பட்டப்பெயர் இல்லை, யாரோ ஒரு அம்மாளைக் கூப்பிடுகிற மதாம். அதற்குப் பதில் ஒரு அறை விட்டிருக்கலாம்.

தறிகளைக் கழற்றி இரும்பு விலைக்குப் போட்டார்கள். அண்ணன் இப்போது தேங்காய்த்திட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறார். என்னிடம் ஒரு குறை சொன்னதில்லை. "ஒங்க மொதலாளி எங்களுக்காக வந்து ஒக்காந்திருந்தாராமே" என்று ஒரே ஒருமுறை கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த மழைக்காலத்துக்குள் நீங்களும் போய்விட்டீர்கள். உங்கள் அடக்கத்தில் நான் கடைசி வரிசைக்கும் பின்னால்தான் நின்றேன். அந்த மேனேஜரின் மேஜையில்தான் எனக்கு இன்னும் சம்பளம், அந்த இங்கிலீஷ் வாய்தான் இன்னும் சோறு போடுகிறது என்ற நினைப்பு என்னை முன்னால் வரவிடவில்லை.

இன்று காலை மறுபடி கோயில் தெருவுக்குப் போனேன். டேப்பின் தலைப்பக்கத்தை மரத்தில் கட்டி, வால்பக்கத்தைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதனால் தெரு நெடுக MERCI தான். வெயில் துளை வழியாக இறங்கி எழுத்து பளிச்சென்று தெரிகிறது, ஆனால் படிக்கிறவர்கள் யாரும் இல்லை. நேற்றைய ஆளிடம் ஒரு துண்டு கேட்டேன். "இதப்போயி என்னக்கா பண்ணப்போற" என்று அறுத்துக் கொடுத்தார். மடித்து என் ஜெபமாலைப் பைக்குள் வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் தேர் அதன் அடியில்தான் வரும். எல்லோரும் மாதாவின் முகத்தைப் பார்க்க நிமிர்வார்கள். நானும் கூட்டத்தோடு வருவேன் முசியே. ஆனால் மேலே தெரு முழுக்க நீங்கள் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தால் நான் எப்படி நிமிர்வேன்?