இல்லாத மரத்தின் சைடர்

அக்டோபர் 9, புதன்

இன்று நான் ஓட்டுகிற பர்னம் ஊர் பஸ்ஸில் ஒரு வாத்து ஏறியது. அதைப் பற்றி எழுதலாமென்று உட்கார்ந்தேன். அதற்குள் பிரான்ஸிலிருந்து மகள் ஜெம்மாவின் ஃபோன்.

"அப்பா, கோபப்படாம கேளு."

நவம்பர் கடைசியில் எத்தியெனும் அவன் அப்பா ரெனேயும் எங்களைப் பார்க்க வருகிறார்கள். எத்தியென் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். ரெனே நார்மண்டியில் தோப்பு வைத்துப் பரம்பரையாக ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து சைடர் போடுகிறவர். இதெல்லாம் தெரிந்ததுதான்.

"நீயும் சைடர் போடுவேன்னு சொல்லிட்டேம்பா. நம்ம வீட்டு மரத்துல."

எங்கள் வீட்டுப் பின்புறம் இருப்பது குப்பைத்தொட்டிகள்.

"ஏன்டி அப்படிச் சொன்னே?"

"எல்லாரும் மரம், மண்ணுன்னு பேசிட்டிருந்தாங்க. உங்கப்பா என்ன பண்றார்னு கேட்டாங்க. சட்டுனு வாயில வந்துடுச்சு."

பஸ் ஓட்டுகிறார் என்பது வாயில் வரவில்லை போலிருக்கிறது. வலித்தது. அவளிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 10

அதற்காக அவளை மாமனார் முன்னால் பொய்க்காரியாக நிற்க விடுவதா? சைடருக்குப் பேர்போன சாமர்செட்டில் பிறந்தவன் நான். இத்தனை வருஷம் குடித்தவனுக்குப் போடத் தெரியாதா?

அக்டோபர் 12

இங்கே ஆப்பிள் தோப்புக்காரர்களிடம் புதுச்சாறு கிடைக்கும். ஆனால் அவர்கள் எல்லோரும் என் பஸ்ஸில் வருகிறவர்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சிரிக்கும். சூப்பர் மார்க்கெட்டில் இருப்பதிலேயே மலிவான ஆப்பிள் ஜூஸை வாங்கிவந்து, கண்ணாடி ஜாடியில் ஊற்றி, என் மனைவி டோரீன் ரொட்டிக்கு வைத்திருந்த ஈஸ்ட்டைத் தூவினேன்.

அக்டோபர் 17

ஒரு குமிழி இல்லை. டோரீனின் கம்பளிச் சட்டையைப் போர்த்தி பாய்லர் பக்கத்தில் வைத்தேன். கெஞ்சினேன். பனிக்காலத்தில் கிளம்பாத பஸ்ஸிடம்கூட இவ்வளவு கெஞ்சியதில்லை.

டோரீன் கண்ணாடி மாட்டிக்கொண்டு காலி டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். "கெட்டுப்போகாம இருக்க மருந்து போட்டிருக்குன்னு எழுதியிருக்கே கோலின். ஈஸ்ட் அதுல எப்படிப் பிழைக்கும்? முதல்ல என் சட்டையைக் கழட்டு அதுலேர்ந்து."

அக்டோபர் 19

மறுபடியும் கடை. இந்த முறை ஒவ்வொரு டப்பாவாகப் படித்தேன். 'ஆப்பிள் பானம்' என்றால் தண்ணீர்தான், ஆப்பிள் அதை எட்டிப் பார்த்திருக்கிறது. ஒன்றில் சர்க்கரைக்குப் பதில் வேறு ஏதோ இனிப்பு. ஈஸ்ட்டுக்கு அது சாப்பாடே இல்லையாம். இன்னொன்றில் பாதி பேரிக்காய். பளிங்கு மாதிரி ஒன்று, கலங்கலாக ஒன்று — எது உசத்தி? கடைக்காரப் பெண் பக்கத்தில் வந்தாள்.

"வீட்ல யாருக்காவது அலர்ஜியா சார்?"

"ஆமாம்மா, மகளுக்கு" என்றேன். முழுப் பொய்யில்லை; பஸ் என்றால் அவளுக்கு அலர்ஜிதானே. கடைசியில் ஆப்பிள் சாறும் வைட்டமின் சியும் மட்டுமே போட்ட கலங்கல் ஜூஸை அள்ளிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 20

குளுக். முதல் குமிழி.

அக்டோபர் 25

அழுகின முட்டை நாற்றம். டோரீன் மாடிப்படிக்குக் கீழே பாய்லர் இருக்கும் அலமாரியைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள். "டாக்டர்கிட்ட போறியா?"

நானில்லை, ஜாடி என்றேன். நம்பவில்லை. புளிக்கும்போது சிலசமயம் அப்படித்தானாம், தானாகவே போய்விடுமாம். அதுவரை பழி எனக்கு.

நவம்பர் 3

நேற்று கார்னிவல் ஊர்வலம். ஊரில் எல்லா பஸ்ஸும் சுற்றுவழி. அலமாரியில் மட்டும் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. நாற்றமும் போய்விட்டது.

நவம்பர் 17

பாட்டிலில் அடைத்தேன். டோரீன் ஒரு வாய் குடித்துவிட்டு, "பரவால்ல" என்றாள். என்னைக் கட்டிக்கொள்ளுமுன் அவள் அம்மாவிடம் என்னைப் பற்றிச் சொன்னதும் இதேதான்.

நவம்பர் 24

சைடர் ஆயிற்று. மரம்? பக்கத்து வீட்டு சிட்ஜியின் தோட்டத்தில் ஒன்று இருக்கிறது. இலையெல்லாம் கொட்டிவிட்டது. மரம் மரம்தானே. சிட்ஜி அடுத்த சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறான். அன்றைக்கு மரத்தைக் கடன் கேட்டேன்.

"எடுத்துக்கோ. திங்கக்கிழமை இருந்த இடத்துலயே இருக்கணும், ஆமா" என்று சாவியைக் கொடுத்தான்.

நவம்பர் 30, சனி

எப்படி எழுதுவது? — நடந்ததை நடந்தபடி.

ஜெம்மா, எத்தியெனோடு ரெனே வந்தார். கை ஒவ்வொன்றும் மண்வெட்டி. இங்கிலீஷ் ஒரு வார்த்தை கிடையாது. எத்தியென்தான் மொழிபெயர்த்துச் சொன்னான். சைடரை மோந்து பார்த்தார், குடித்தார், யோசித்தார்.

"பக்கத்துல ரொட்டிக் கடை இருக்கான்னு அப்பா கேக்கறார்."

ரொட்டி ஈஸ்ட் வாசனையைக் கண்டுபிடித்துவிட்டார். டோரீன் இருமினாள். ஆனால் ரெனே இரண்டாவது கிளாஸும் கேட்டார். பிறகு மரத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

சிட்ஜி தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். ரெனே பட்டையைத் தடவினார், அண்ணாந்து பார்த்தார், ஏதோ சொன்னார். எத்தியென் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"ரொம்ப நல்ல மரமாம்... நல்ல பேரிக்காய் மரமாம்."

"அது வந்து, ஒட்டுப் போட்டு—" என்று ஆரம்பித்தேன்.

"போதும்ப்பா" என்றாள் ஜெம்மா. பிரெஞ்சில் மளமளவென்று ரெனேயிடம் சொன்னாள். பிறகு அதையே எங்களுக்கும் சொன்னாள்: "எங்களுக்கு மரமே கிடையாது. எங்கப்பா பஸ் ஓட்டறார். அதைச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. என் பொய்யைக் காப்பாத்த, இவர் கடை ஜூஸ வாங்கி இத்தனை நாளா..." அதற்கு மேல் அழுகை. என் கோட்டிலேயே மூக்கைத் துடைத்தாள். நானும் அழுதேன். குளிர் என்று சொல்லிக்கொண்டேன், யாரும் நம்பவில்லை.

ரெனே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று கேட்டார்.

"எந்த ஜூஸ்னு கேக்கறார்" என்றான் எத்தியென்.

கடைக்கே கூட்டிப் போனேன். நானும் அவரும் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு அத்தனை டப்பாவையும் படித்தோம். ஒரு பாஷையும் தேவைப்படவில்லை. மருந்து போட்டதைக் காட்டினால் அவர் தொண்டையை அறுப்பது போல் சைகை காட்டினார்.

டிசம்பர் 1, ஞாயிறு

காலை ஷிஃப்ட். பர்னம் பஸ். ஜெம்மா ரெனேயை முன் இருக்கையில் உட்கார்த்தி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இறங்கச் சொன்னாலும் இறங்கவில்லை; போய்த் திரும்பி, மறுபடியும் போனாள். ஏறின ஒவ்வொருவரிடமும், கேட்காமலே, "வண்டி ஓட்டறது எங்கப்பா" என்றாள்.

அவர்களுக்குத் தெரியாதா என்ன? தினமும் வருகிறவர்கள். இருந்தாலும் நான் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.