நான் கட்டிய கை

அக்கா,

போன கிழமை கரையில் சிப்பி குத்திக் காலைக் கிழித்துக்கொண்டேன். மகள் முந்தல் டவுனுக்குப் போய் மருந்தும் பண்டேஜ் துணியும் வாங்கி வந்து கட்டிவிட்டாள். நாலு எட்டு வைப்பதற்குள் அவள் போட்ட முடிச்சு நழுவிவிட்டது. "நீங்களே போடுங்களேன் அப்பா, உங்கட முடிச்செண்டால் அவிழாது" என்றாள். அந்தத் துணியின் வாசம் மூக்கில் ஏறியது. எனக்குக் கை ஓடவில்லை. நீ ஞாபகத்துக்கு வந்துவிட்டாய்.

அத்தானைக் கடல் கொண்டுபோன பிறகு நீ என் வீட்டுக்கு வந்தாய். கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்துக்கொண்டு, எங்கள் எல்லாரையும் வாயாலேயே ஆண்டாய். வயிற்றில் புற்று என்று சிலாபத்து டாக்டர் சொன்னபோது அழுதவன் நான்தான். நீ பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாய். கொழும்புக்குக் கொண்டுபோனால் கொஞ்ச நாள் கூடலாம், இல்லாவிட்டால் வலிக்கு மருந்து தருகிறேன், வீட்டில் வைத்துப் பாருங்கள், அவவிடமே கேட்டு முடிவெடுங்கள் என்றார் அந்த மனிதர். நான் கேட்கவில்லை. நீயாகவே சொன்னாய்.

"எனக்குப் போதும்டா தம்பி. கடல் சத்தம் கேக்கிற இடத்தில என்னைக் கிடக்க விடு. கொழும்புக்குக் கொண்டுபோய், பெட்டியில வச்சு, செக்பொயின்டில நிப்பாட்டித் திருப்பிக் கொண்டு வராத."

சண்டை நடந்த காலம் அது. ரேடியோவைத் திருப்பினால் சாவுச் செய்திதான். எனக்குக் கோபம் வந்தது. "சாக விருப்பமில்லாத சனமெல்லாம் அங்க செத்துக்கொண்டிருக்கு, உனக்கு வலியச் சாகக் கேக்குதோ? விசர்க்கதை கதைக்காத" என்று கத்தினேன். அன்றைக்கு அது பெரிய நியாயமாகப் பட்டது. எப்படிச் சாகவேண்டும் என்று யாரையும் யாரும் கேட்காத அந்தக் காலத்தில், உன்னை ஒரு டாக்டர் கேட்கச் சொன்னார். அதைப் பறித்தவன் நான்தான் என்பது விளங்க எனக்கு இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது.

இரண்டு நாள் நீ என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் சீலையை மாற்றிக்கொண்டு வந்து, கொழும்புக்கு நான் பிடித்த வான் வண்டியில் ஏறினாய். அக்கா சம்மதித்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னேன். நான் அழுவதைப் பார்க்கமுடியாமல்தான் ஏறினாய் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

ஆஸ்பத்திரியில் மூக்கால் குழாய் விட்டார்கள். இடது கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. வலது கையால் நீ குழாயை இழுத்து எறிந்தாய். திரும்ப விட்டார்கள், திரும்பவும் எறிந்தாய். நர்ஸ் மிஸ் பண்டேஜ் துணியால் அந்தக் கையைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். வலை பொத்துகிறவளுக்கு அது ஒரு முடிச்சா? விரலாலேயே கழற்றிவிட்டாய். மிஸ் சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "கடல்காரர்தானே, நீங்களே நல்ல முடிச்சாய்ப் போட்டுவிடுங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார்.

போட்டேன், அக்கா. நனைய நனைய இறுகுகிற வலைமுடிச்சு, மணிக்கட்டின் மேல், உன் விரல் எட்டாத பக்கமாய். நீ அதைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய்.

"இது நம்மட முடிச்செல்லோ. அவிழ்த்து விடுடா தம்பி."

"கொஞ்சம் தேறு அக்கா, நாளைக்கு அவிழ்க்கிறன்" என்றேன். அதற்குப் பிறகு ஐந்து நாள் இருந்தாய். மூன்று நாள் கேட்டாய். கடைசி இரண்டு நாள் கேட்கவே இல்லை.

நீ பயந்த மாதிரியே பெட்டியில்தான் வந்தாய். மிஸ் கட்டில் கம்பியில் இருந்த துணியை மட்டும் கத்தரித்திருந்தார்; உன் மணிக்கட்டில் என் முடிச்சு அப்படியே இருந்தது. குளிப்பாட்டுவதெல்லாம் வீட்டில் என்று அப்படியே ஏற்றிக்கொண்டு வந்தோம். பகல் வெயிலில், செக்பொயின்டில், பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சீலையை விலக்கிப் பார்த்த ஆமிக்காரர் உன் மணிக்கட்டைக் கண்டு ஒரு அடி பின்னுக்குப் போனார்.

"கையைக் கட்டியது யார்?" என்று கேட்டார்.

"நான்தான்."

"நீங்கள் யார்?"

"தம்பி."

பெட்டியை மூடலாம் என்று அவர் கையைக் காட்டினார்.

என் முறை வரும்போது என்னைக் கேட்டுச் செய் என்று மகளிடம் சொல்லிப் பார்த்தேன். "விசர்க்கதை கதைக்காதீங்கப்பா" என்கிறாள், அச்சு அசல் என் குரலில். விடாமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். காலுக்கு அவளையே மறுபடியும் கட்டச் சொன்னேன். இழுத்தால் கழன்றுவிடுகிற மாதிரிக் கட்டியிருக்கிறாள். அப்படியே இருக்கட்டும்.

அன்றைக்கு அந்த ரோட்டில், எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, குனிந்து உன் முடிச்சை அவிழ்த்தேன். எங்கே தள்ளினால் விடும் என்று என் விரலுக்குத் தெரியும். ஒரு நொடிதான் எடுத்தது. அந்த ஒரு நொடியைத்தான், அக்கா, நீ மூன்று நாளாய் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாய்.